வின்ரருக்கு ஸ்காபரோவா, புளோரிடாவா, ஊரா?

பென்சன் எடுத்துவிட்டோம் என்று வெளியே தெரிந்த நாளிலிருந்து யாரைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: "இனி வின்ரருக்கு ஊருக்குத்தானே?" கேட்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே போய் வருகிறவர்கள், மீதிப்பேர் போக ஆசைப்பட்டும் பேரப்பிள்ளைகளை விட்டுப் போக மனம் வராதவர்கள். ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டில் இந்த வாக்குவாதம் ஒவ்வொரு செப்டெம்பரிலும் தொடங்கும். இவருக்கு ஊர், அதாவது யாழ்ப்பாணம், வேண்டும், எனக்குப் பிள்ளைகள் வேண்டும், மூத்த மருமகனோ இரண்டும் வேண்டாம், புளோரிடாவில் ஒரு கொண்டோ எடுத்தால் மூன்று மணித்தியாலத்தில் நாங்களும் வந்து நிற்கலாமே என்பார்.

எங்களைப் போல அறுபத்தைந்துக்கும் எழுபத்தைந்துக்கும் இடையில் உள்ள, பிள்ளைகள் ரொறன்ரோப் பக்கம் குடியேறிவிட்ட, ஊரில் தங்க ஒரு வீடாவது அல்லது ஒரு சகோதரமாவது மிஞ்சியிருக்கிற சோடிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் ஒன்றுமே இல்லை, போனால் ஹோட்டலில்தான் என்பவர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி வரும்.

முதலில் ஒன்று. வின்ரர் என்று நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை ஒரே துண்டாக எடுத்து யோசித்தால் முடிவே வராது, சண்டைதான் வரும். அந்த ஆறு மாதமும் ஒன்றல்ல. நவம்பரில் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பியதும் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், டிசம்பர் தொடக்கத்தில் 4.40க்கெல்லாம் சூரியன் போய்விடும், ஆனால் குளிர் இன்னும் பெரிதாக இல்லை, சில வருடம் கிறிஸ்மஸ் அன்றுகூடப் புல்தரை பச்சையாகத்தான் கிடக்கும். உண்மையான குளிர் ஜனவரியிலும் பெப்ரவரியிலும்தான். ஜனவரியில் இரவு வெப்பநிலை சராசரியாக மைனஸ் 7 அளவில் நிற்கும், இடையிடையே மைனஸ் 20க்கு இறங்கி, காற்றும் சேர்ந்தால் மைனஸ் 30 மாதிரி முகத்தில் அறையும். மார்ச்சில் குளிர் குறைந்தாலும் உருகுவதும் உறைவதுமாக நடைபாதை முழுக்கக் கண்ணாடி. ஏப்ரலில் ஒருநாள் வெயில், ஒருநாள் பனிக்கட்டி மழை, அவ்வளவுதான்.

இதை ஊர் மழையோடு பொருத்திப் பாருங்கள். யாழ்ப்பாணத்துக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்ரோபர் நடுவில் தொடங்கி டிசம்பர்வரை கொட்டும். புயல் வருவதும் அந்தக் காலத்தில்தான்: 2008 நவம்பரில் நிஷா, 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கால், 2025 நவம்பர் இறுதியில் டித்வா. டித்வா வந்தபோது முழு இலங்கையுமே வெள்ளத்தில் தவித்தது. மழை விட்ட கையோடு நுளம்பு பெருகி, வடக்கில் டெங்கு கூடுவதும் டிசம்பர், ஜனவரியில்தான். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரைக்கும் ஊரில் உள்ள காலநிலைக்கு நிகர் எங்கும் இல்லை. காலையில் மெல்லிய குளிர், பகலில் தாங்கக்கூடிய வெயில், வயலில் காலபோக நெல் அறுவடை. ஏப்ரல் வந்தால் சித்திரை வெயில், அது எழுபது வயதுக்காரருக்குச் சரிவராது.

ஆகவே டிசம்பருக்கு ரொறன்ரோ, ஜனவரி இரண்டாம் கிழமையிலிருந்து மார்ச் கடைசிவரைக்கும்தான் வேறு எங்கே போவது என்ற கேள்வி. இப்படிச் சுருக்கிக்கொண்டால் எங்கள் வாக்குவாதத்தில் பாதி தானாகவே கரைந்துவிடும், ஏனென்றால் பிள்ளைகளின் விடுமுறையும் இதற்குள் சரியாக வந்து அமர்கிறது. பள்ளிக்கூடங்கள் கிறிஸ்மஸுக்கு இரண்டு கிழமை மூடும், பிறகு மார்ச் பிறேக் ஒரு கிழமை, இடையில் பெப்ரவரி மூன்றாம் திங்கள் ஃபமிலி டே என்று ஒரு நீண்ட வார இறுதி. பிள்ளைகள் லீவெடுத்து, பேரப்பிள்ளைகள் வீட்டில் நின்று, எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுகிற ஒரே காலம் அந்தக் கிறிஸ்மஸ் இரண்டு கிழமைதான். அதை விட்டுவிட்டு ஊரில் மழைக்குள் குடையோடு நிற்பதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன். டிசம்பர் நடுவில் விமான ரிக்கெற் விற்கிற விலைக்கு அது தேவையும் இல்லை.

ஸ்காபரோவிலேயே நின்றுவிடுவது

இதற்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. குடும்ப டொக்டர் இங்கே, கண் சோதனை இங்கே, மருந்துக் கடைக்காரருக்கு எங்கள் பெயரும் நோயும் தெரியும். பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர ஆள் தேவை, பனி கொட்டிப் பஸ் ஓடாத நாளில் மகள் வேலைக்குப் போக வேண்டுமென்றால் நாங்கள்தான். ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, காலையில் ஸ்காபரோ ரவுன் சென்ரருக்குப் போய்க் கடைகள் திறக்கும் முன்னரே உள்ளுக்குள் இரண்டு சுற்று நடந்து, ரிம் ஹோட்டன்ஸில் ஒரு கோப்பி குடித்துக் கதைத்துவிட்டு வர நாலு பேர் இருக்கிறார்கள்.

ஆனால் பயப்பட வேண்டியது குளிருக்கு அல்ல. குளிருக்கு உடுப்பு இருக்கிறது. ஆபத்து உறைமழை. 2013 டிசம்பர் 21, 22இல் வந்த ஐஸ் புயலில் ரொறன்ரோவில் மட்டும் மூன்று இலட்சம் மின் இணைப்புகள் செத்துப் போயின, சிலருக்கு ஒரு கிழமைக்கு மேல், கிறிஸ்மஸும் இருட்டுக்குள் போனது. 2022 ஜனவரி 17 திங்கள் காலையில் கொட்டிய பனியில், நகரத்தின் சில இடங்களில் அரை மீற்றருக்கு மேல் குவிந்தது, பஸ்கள் நடுத்தெருவில் நின்றன. இப்படிப்பட்ட பெரிய நாட்கள் எப்போதாவதுதான் வரும் என்பது சரி. தினசரி வருகிற சின்ன ஆபத்து மோசம்: நகரசபை வண்டி தெருவை வழித்துக்கொண்டு போகும்போது எங்கள் காணி வாசலில் விட்டுப்போகிற கட்டிப் பனிவரம்பு. அதைச் சவளால் அள்ளப் போய் நாரி பிடித்தவர்களும் நெஞ்சு நோவோடு ஆசுபத்திரிக்குப் போனவர்களும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அறுபத்தைந்துக்குப் பிறகு பனி அள்ளுவதை நிறுத்திவிடுங்கள், காசு கொடுத்து ஆள் பிடியுங்கள். வின்ரருக்கு நிற்பதா போவதா என்பது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பிள்ளைகளுக்காக நிற்கிறோம் என்று சொல்லி நின்ற ஜனவரி மாதங்களில் பிள்ளைகளைக் கண்டது சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலம்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை. இருவரும் வேலை, பிள்ளைகளுக்கு நீச்சல், பரதம், ஹொக்கி, தமிழ் வகுப்பு. இருட்டில் எங்களுக்குக் காரோடப் பயம், அவர்களுக்கு வர நேரமில்லை. கிழமையில் ஐந்து நாள் நாங்கள் இரண்டு பேரும் ரீவிக்கு முன்னால். பேரப்பிள்ளைகளைத் தினமும் பார்க்கிற பொறுப்பு உங்களிடம் இருந்தால் நிற்பதில் அர்த்தமுண்டு. இல்லாவிட்டால் "பிள்ளைகளுக்காக" என்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

நல்லது கெட்டதுகளின் நாட்காட்டி

முடிவைப் புரட்டிப் போடுவது காலநிலை அல்ல, கொண்டாட்டங்கள்தான். ரொறன்ரோத் தமிழரின் பெரிய வைபவங்கள் பெரும்பாலும் மே முதல் ஒக்ரோபர் வரைக்குள் முடிந்துவிடும். கலியாணம், அரங்கேற்றம், சாமத்தியவீடு எல்லாம் கோடையில்தான், மார்கழியில் யாரும் நாள் வைப்பதில்லை. தை பிறந்ததும் சில கலியாணங்கள் வரும். ஒன்றுவிட்ட உறவென்றால் வாழ்த்தும் மொய்யும் அனுப்பிவிட்டு நம் பாட்டுக்குப் போகலாம் என்பது என் கருத்து, இதற்காக என்னோடு கோபித்தவர்களும் உண்டு.

பிள்ளைப்பேறு என்றால் கதையே வேறு. மகளுக்கோ மருமகளுக்கோ ஜனவரியில் பிள்ளை என்றால் நான் எங்கும் நகரமாட்டேன். சரக்கு அரைத்துப் பத்தியக்கறி வைக்க, குழந்தையைக் குளிப்பாட்ட, இரவில் ஒரு மூன்று மணித்தியாலம் பெற்றவளைத் தூங்கவிட, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும்வரை அம்மா பக்கத்தில் வேண்டும். அந்த வருடம் இவர் மட்டும் ஊருக்குப் போய் வரட்டுமே. சோடியாகத்தான் போக வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எங்கள் தலைமுறையில் பலருக்கு இது பெரிய மனத்தாங்கல், ஆனால் நாற்பது வருடம் ஒன்றாக இருந்தவர்கள் ஆறு கிழமை பிரிந்திருந்தால் ஒன்றும் குடி முழுகாது. இரவில் வாட்சப்பில் கதைப்பது வீட்டில் கதைப்பதைவிட அதிகம், இது அனுபவம்.

அடுத்தது எங்கள் சொந்த வைபவங்கள். இவருடைய எழுபதாவது பிறந்தநாள் பெப்ரவரியில் வருகிறது. இதுதான் எங்கள் வீட்டில் பெரிய இழுபறி. பிள்ளைகள் ஃபமிலி டே வார இறுதியில் ஹோல் எடுத்துச் செய்யலாம் என்றார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பெப்ரவரியில் ஹோல் எடுப்பது சூதாட்டம்: அன்றைக்குப் பனி கொட்டினால் மிசிசாகாவிலிருந்தும் அஜாக்ஸிலிருந்தும் வர வேண்டிய வயதானவர்கள் வரமாட்டார்கள், வருகிறவர்கள் பட்டுச்சேலைக்குக் கீழே பூட்ஸ் போட்டு, மேலே கோட் போட்டு, கோட் வைக்க இடம் தேடுவார்கள், இருநூறு பேருக்குச் சொன்ன சாப்பாட்டில் பாதி மிஞ்சும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊரில் செய்யலாமா என்றால் அதுவும் முடியாது. மார்ச் பிறேக் இரண்டு பக்க வார இறுதியையும் சேர்த்து ஒன்பது நாள், அதில் போக இரண்டு, வர இரண்டு என்று பயணத்திலேயே நாலு நாள் போய்விடும், மீதி ஐந்து நாளும் பேரப்பிள்ளைகள் பகலில் நித்திரை, இரவில் விழிப்பு.

அதனால் பிரித்துவிட்டோம். நட்சத்திரத்தன்று ஊர்க்கோயிலில் அபிஷேகமும் அன்னதானமும். கேக் வெட்டுவது, பாட்டு, ஸ்லைட் ஷோ எல்லாம் ஜூனில் ரொறன்ரோவில், தோட்டத்தோடு கூடிய இடத்தில், பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும்படி. பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட வேண்டுமானால் அதற்கு வின்ரரை நம்பவே வேண்டாம். கோடை விடுமுறை இரண்டு மாதம் இருக்கிறது, நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் அந்தக் காலத்தை ஒட்டித்தான் வரும், வெயில் கடுமைதான், ஆனால் பிள்ளைகள் வெயிலைப் பொருட்படுத்துவதில்லை. எங்கள் வின்ரர் பயணமும் அவர்களின் ஊர்ப் பயணமும் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இரண்டுமே நடக்காது.

திவசத்தையும் மறக்கக்கூடாது. இவருடைய அம்மாவின் திவசம் மாசியில். இங்கே ஐயரைக் கூப்பிட்டுச் செய்யலாம், செய்திருக்கிறோம். ஆனால் கீரிமலையில் கடலைப் பார்த்தபடி செய்வதில் இவருக்குக் கிடைக்கிற நிறைவை நான் வேறு எதிலும் கண்டதில்லை, அதனால் ஊர்ப் பக்கத் தராசுக்கு அது ஒரு நல்ல பாரம்.

புளோரிடா

மருமகனின் கட்சியையும் நியாயமாகப் பார்ப்போம். ரொறன்ரோவிலிருந்து விமானத்தில் மூன்று மணித்தியாலம் சொச்சம், ஒரே நேரவலயம், தாகமென்றால் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பேரனுக்குக் காய்ச்சல் என்றால் அன்றிரவே திரும்பி வரலாம். மார்ச் பிறேக்குக்குப் பிள்ளைகள் நிச்சயம் வருவார்கள், இந்த ஒரு விசயத்தில் புளோரிடாவை எதுவும் வெல்ல முடியாது. ஆனால் இடம் பார்த்து எடுங்கள். ஒர்லாண்டோவில் ஜனவரிக் காலையில் 10 பாகைதான் இருக்கும், ஸ்வெற்றர் வேண்டும். முழங்கால் நோவுக்காக வெப்பத்தைத் தேடிப் போகிறவர்கள் மயாமி, ஃபோர்ட் லோடர்டேல் பக்கம் போக வேண்டும், அங்கே வாடகை கைகடிக்கும், அதுவும் அமெரிக்க டொலரில்.

எனக்குப் பிடிக்காதது அங்கே எங்களுக்கு வேலையும் இல்லை, ஆளும் இல்லை என்பதுதான். தங்கச்சி குடும்பம் இரண்டு மாதம் நின்று பார்த்தது. முதல் பத்து நாள் கடற்கரை, படங்கள் வந்துகொண்டே இருந்தன. பிறகு படம் நின்றுவிட்டது. கார் இல்லாமல் பால்கூட வாங்க முடியாது, கோயில் ராம்பாவில் கோபுரத்தோடு இருக்கிறதென்றாலும் அவர்கள் நின்ற இடத்திலிருந்து போய் வர ஒரு நாள், தமிழில் கதைக்க ஆளைத் தேட வேண்டும். கோல்ஃப் விளையாடி, கிளப்பில் நேரம் போக்கிப் பழகியவர்களுக்கு அது சொர்க்கமாக இருக்கலாம்.

காகித வேலையும் உண்டு. கனடியர் வருகையாளராக ஆறு மாதம் வரை நிற்கலாம், ஆனால் வரி விசயத்தில் வருடத்துக்கு 182 நாளைத் தாண்டாமல் எண்ணிக்கொள்ள வேண்டும், பல வருடம் தொடர்ந்து நாலு மாதத்துக்கு மேல் நிற்கிறவர்கள் அங்குள்ள வரித் திணைக்களத்துக்குப் படிவமும் கொடுக்க வேண்டி வரும். 2025 ஏப்ரலிலிருந்து 30 நாளோ அதற்கு மேலோ நிற்பவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது, தரைவழியாகக் காரில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆசுபத்திரிச் செலவைச் சொல்லவே தேவையில்லை. வெளிநாட்டில் ஆசுபத்திரியில் படுத்தால் ஓஹிப் என்கிற எங்கள் ஒன்ராறியோ மாகாண மருத்துவத் திட்டம் தருவது ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 டொலர், சாதாரண வார்ட் என்றால் 200. அமெரிக்காவில் அந்தக் காசுக்கு ஒன்றுமே நடக்காது. இன்சூரன்ஸ் இல்லாமல் எல்லை தாண்டுவது வீட்டை ஈடு வைத்துப் போவதற்குச் சமம்.

ஊர்

இனி இவருடைய கட்சி. பயணம் கொடுமை, அதை மறைக்க ஒன்றுமில்லை. கொழும்புக்கு நேரடி விமானம் கிடையாது, டுபாயிலோ டோஹாவிலோ இஸ்தான்புல்லிலோ இறங்கி மாற வேண்டும், மொத்தம் இருபது மணித்தியாலத்துக்கு மேல், அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு 400 கிலோமீற்றர் வான். வயது போனவர்கள் கொழும்பில் ஒரு இரவு படுத்து எழும்பித்தான் வெளிக்கிட வேண்டும். சென்னை வழியாக வந்தால் யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலையத்துக்கு ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் வந்து இறங்கலாம், 2019 ஒக்ரோபரில் திறந்த இந்த வழி முழங்கால்காரருக்குப் பெரிய உதவி, ஆனால் சின்ன விமானம், பெட்டியின் எடை அளவு குறைவு, இந்திய வீசாவையும் பார்க்க வேண்டும். எந்த வழியானாலும் ரிக்கெற் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு எழுதிவிடுங்கள். அதற்குக் காசில்லை, வெட்கமும் தேவையில்லை.

கனடியப் பாஸ்போட்டில் போனால் முதலில் 30 நாள்தான், பிறகு நீடிக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மூன்று மாதம் நிற்பதையே வழக்கமாக்கப் போகிறீர்கள் என்றால் அதை எடுத்துவைப்பது நல்லது.

சரி, போய் இறங்கியாயிற்று. பொங்கல் ஜனவரி 14இலோ 15இலோ. முற்றத்தில் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, பால் பொங்கிச் சரிகிற நேரத்தில் சின்னப் பிள்ளைகள் வெடி கொளுத்த, இவர் பள்ளிக்கூடப் பெடியன் மாதிரித்தான் நிற்பார். பனங்கிழங்கு அவிப்பது, மொட்டைக்கறுப்பன் சோற்றோடு மீன்குழம்பு, தைப்பூசம், சிவராத்திரிக்குக் கீரிமலை நகுலேஸ்வரம், பின்னேரம் சந்தியில் கூடப்படித்தவர்களோடு கதை. இவருடைய பிறசர் ஊரில் இறங்குகிறது என்பதை மெசினே காட்டுகிறது. சீனி ஏறுகிறது என்பதையும் அதே மாதிரி மெசின் காட்டுகிறது! காலையில் மூன்று வீடு போனால் மூன்று வீட்டிலும் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி, வேண்டாமென்றால் "வெளிநாடு போய் மாறிப்போனியள்" என்ற பேச்சு. சீனி வருத்தக்காரர் முதல் நாளே வெறும் தேத்தண்ணி என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவது உத்தமம்.

பெண்களுக்கு ஒரு விசயம். ஊருக்குப் போவது இவருக்கு ஓய்வு, எனக்கு அடுப்படி. கனடாவிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் காலை எட்டு மணிக்கே படலை திறக்கும், ஒருவர் போக ஒருவர் வருவார், எல்லோருக்கும் தேத்தண்ணி, மதியத்தில் இருந்தால் சாப்பாடு. சமையலுக்கும் துப்பரவுக்கும் ஆள் வைக்காமல் நான் இனி ஊருக்கு வருவதில்லை என்று இவரிடம் சொல்லிவிட்டேன், அதற்கான காசு ரிக்கெற் செலவோடு சேர்த்தே எழுதப்படுகிறது. இந்த ஒப்பந்தம் இல்லாமல் "ஊர்தான் நல்லது" என்று எந்த ஆண் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வீட்டையும் தயார்படுத்த வேண்டும். கொமட் இல்லாத வீட்டில் முழங்கால் நோவோடு மூன்று மாதம் நிற்க முடியாது. குளியலறையில் பிடிகம்பி, வழுக்காத தரை, படுக்கைக்கு நுளம்பு வலை, இவை எல்லாம் நாம் போகும் முன் நடந்திருக்க வேண்டும். ஸ்காபரோ ஐஸில் இருபது வருடம் விழாத மனுசர் கிணற்றடிப் பாசியில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்ட கதையும் எங்களுக்குத் தெரியும்.

வைத்தியம்தான் உண்மையான தடை. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை வடக்குக்கே பெரியது, நல்ல டொக்டர்மார் இருக்கிறார்கள், தனியார் இடங்களும் வந்துவிட்டன. ஆனால் அண்மையில் நெஞ்சில் ஸ்டென்ற் வைத்தவர்கள், டயலிசிஸ் செய்கிறவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறவர்கள் ஊர் ஆசையை அந்த வருடத்துக்கு அடக்கிக்கொள்வதுதான் சரி. அவர்களுக்கு ரொறன்ரோ. குளிர் தாங்கவே முடியாது என்றால், டொக்டரும் இன்சூரன்ஸ்காரரும் சம்மதித்தால், புளோரிடா.

சென்னையைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். டிசம்பர் சங்கீத சீசன், நல்ல ஆசுபத்திரிகள், வாடகைக்கு வீடு, சேலைக்கடை என்று எல்லாம் உண்டு, ஆனால் டிசம்பர் முதற் கிழமையை நம்ப முடியாது. 2015இல் விமானநிலையமே வெள்ளத்தில் மூடிக் கிடந்தது, 2023இலும் மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர். எங்களுக்குச் சென்னை ஊருக்குப் போகும் வழியில் நாலைந்து நாள் நிற்கிற இடம், அதற்கு மேல் இல்லை.

காகிதக் கணக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் விட்டுவிட முடியாது. ஓஹிப் நிலைக்க எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 153 நாளாவது ஒன்ராறியோவில் நின்றிருக்க வேண்டும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச்வரை போகிறவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை, கோடையிலும் எங்காவது நீண்ட பயணம் போகிறவர்கள்தான் எண்ணிக்கொள்ள வேண்டும். ஓல்ட் ஏஜ் பென்சன் பதினெட்டு வயதுக்குப் பிறகு இருபது வருடம் கனடாவில் வாழ்ந்தவர்களுக்கு எங்கிருந்தாலும் வரும். பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து பிந்தி வந்த பெற்றோருக்கு அந்த இருபது வருடம் இருக்காது, அவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நின்றுபோகும். குறைந்த வருமானக்காரருக்கு மேலதிகமாகத் தருகிற ஜி.ஐ.எஸ். காசு எத்தனை வருடம் வாழ்ந்தவரானாலும் ஆறு மாதத்தோடு நிற்கும். வேலை செய்த காலத்தில் கட்டிய காசுக்கு வருகிற சீ.பீ.பீ. பென்சனுக்கு இந்தக் கரைச்சல் இல்லை.

அறுபத்தைந்துக்கு மேல் மாகாணத் திட்டத்தில் தருகிற மருந்து ஒரு தடவைக்கு அதிகபட்சம் 100 நாளுக்கு, ஆகவே மூன்று மாதப் பயணம் அதற்குள் அடங்கும். பூட்டிவிட்டுப் போகிற வீட்டை இடையிடையே யாராவது வந்து பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலான வீட்டு இன்சூரன்ஸில் உண்டு, தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மகனிடம் திறப்பைக் கொடுத்து, வந்து போன திகதிகளை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் முடிவு இப்படி நிற்கிறது: கிறிஸ்மஸும் புதுவருடமும் ஸ்காபரோவில், பள்ளிக்கூடம் திறந்த மறு நாளோ அதற்கடுத்த நாளோ விமானம், பொங்கலுக்கு ஊர், மாசித் திவசம் முடித்து மார்ச் கடைசிக் கிழமையில் திரும்புதல். பிள்ளைப்பேறு வருகிற வருடம் நான் இங்கே, இவர் ஆறு கிழமை அங்கே. எங்களில் யாருக்காவது நெஞ்சில் ஏதும் வந்தால் ஊர் அந்த வருடத்துக்கு இல்லை. நீங்கள் தினமும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள் என்றால் நிற்பதுதான் சரி, பெப்ரவரியில் ஒரு கிழமை எங்காவது சூடான இடத்துக்குப் போய் வெயில் காய்ந்துவிட்டு வாருங்கள், அதுவே போதும். காரோடத் தயங்காத, இரண்டு பேர் மட்டும் தனியே இருக்கப் பிடித்த சோடிக்குப் புளோரிடாவை நான் குறை சொல்லமாட்டேன்.

ரிக்கெற் வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பயண இன்சூரன்ஸ் எடுத்துத் தருபவரிடம் உங்கள் மருந்துப் பட்டியலைக் காட்டி, பழைய நோய் எத்தனை மாதம் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். சில திட்டங்களில் மூன்று மாதம், சிலதில் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல். டொக்டர் பிறசர் குளிசையை அரைவாசியாகக் குறைத்தால் நமக்குச் சந்தோசம், ஆனால் இன்சூரன்ஸ்காரருக்கு அதுவும் மாற்றம்தான், அந்த நோய்க்குக் காசு தரமாட்டேன் என்று சொல்ல அது போதும். அதனால் ஜனவரியில் பயணம் என்றால் மருந்தில் மாற்றம் ஏதும் செய்ய வேண்டியிருந்தால் ஜூன், ஜூலையிலேயே டொக்டரைக் கண்டு செய்வித்துக்கொள்ளுங்கள். பிறகு அவசியம் வந்து மாற்றினால் உடனே இன்சூரன்ஸ்காரருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லி, அவர்கள் சொன்னதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.